கொடி வலையை வாங்குங்கள், பந்தலை நீங்களே கட்டுங்கள்

மாடித் தோட்டப் பொருள்கள் விற்கும் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் ‘நைலான் கொடி வலை’ என்ற பெயரில் கிடைக்கும் பச்சை வலையைப் பற்றியது இந்த மதிப்புரை. பாகல், பீர்க்கு, புடலை, சுரை, அவரை முதலிய கொடிக்காய்களை மொட்டைமாடியில் வளர்க்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது இதைத்தான். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு மாடியில் ஆடிப்பட்டத்திலும் தைப்பட்டத்திலும் இதைப் பயன்படுத்திப் பார்த்த அளவில், என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலை நல்ல பொருள்தான்; ஆனால் அது பந்தல் ஆகாது. பந்தலென்று நம்பி வாங்குகிறவருக்கு, கொடி காய்க்கத் தொடங்கும் நேரத்தில் மனக்கசப்பு உறுதி. சவுக்குக் கம்பையும் இரும்புக் கம்பியையும் கொண்டு ஓர் எளிய பந்தலைத் தாமே கட்டிக்கொண்டு, அதன்மேல் விரிப்பதற்காக மட்டும் இதை வாங்குகிறவருக்குக் கொடுத்த காசு வீணாகாது.

வலை, இரண்டு கைக்குள் அடங்கும் சிறு பொட்டலமாக வருகிறது. நான் வாங்கியதன் உறையில் 5 அடி அகலம், 30 அடி நீளம் என்று அச்சிட்டிருந்தது. அந்த அளவை எடுத்த விதத்தில்தான் முதல் குறை இருக்கிறது. இவ்வகை வலையின் கண்கள் சாய்சதுரமாக அமைந்தவை. நீளவாக்கில் இழுத்தால் அகலம் சுருங்கும், அகலவாக்கில் விரித்தால் நீளம் குறையும். உறையில் கண்ட 30 அடி, வலையைக் கயிறுபோல நீட்டிப் பிடித்தால் மட்டும் கிடைப்பது. கண்கள் செங்கோணமாகத் திறந்து நிற்கும்படி விரித்தால் நீட்டிய நீளத்தில் ஏறத்தாழப் பத்தில் ஏழு பங்குதான் மிஞ்சும் என்பது எளிய வடிவியல் கணக்கு. அதன்படி 30 அடி 21 அடியாகிவிடுகிறது. விற்றவரிடம் கேட்டதற்கு எல்லா வலையும் அப்படித்தான் என்ற பதில் வந்தது. அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அந்த உண்மையை உறையிலேயே அச்சிட்டிருந்தால் வாங்குகிறவர் கணக்குப் போட்டு வாங்கியிருப்பார். ஆகவே உங்களுக்கு வேண்டிய நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு கேட்டு வாங்குவதே நல்லது. கண்கள் சதுரமாகவே பின்னப்பட்ட வலைகளில் இந்தத் தொல்லை இல்லை. அவை கிடைத்தால் முதல் தேர்வு அவையே.

பொட்டலத்தைப் பிரிப்பதற்கும் ஒரு முறை உண்டு, அதை உறையில் யாரும் சொல்வதில்லை. கட்டை அவிழ்த்துத் தரையில் கொட்டினால், அடுத்த ஒரு மணி நேரம் சிக்கெடுப்பதிலேயே போய்விடும். மடிப்பைக் கலைக்காமல் ஓர் ஓரத்தைத் தேடிப் பிடித்து, அந்த ஓரத்துக் கண்கள் அனைத்திலும் ஒரு பருத்த கயிற்றை முதலில் கோத்துவிட வேண்டும். கயிற்றின் இரு முனைகளையும் இருவர் பிடித்துக்கொண்டு மெல்ல விலகி நடந்தால், வலை சிக்கின்றித் தானே தொங்கி விரியும். கோத்த கயிற்றை உருவ வேண்டிய தேவையும் இல்லை. அதுவே பிறகு வலையின் மேல் விளிம்பைப் பந்தலோடு சேர்த்துக் கட்டுவதற்கு உதவும்.

உறையில் ‘நைலான்’ என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. இந்தப் பெயரில் விற்கும் வலைகளில் பல, பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன் இழையால் ஆனவை. கண்டுபிடிப்பது எளிது. ஓரத்தில் ஒரு சிறு துண்டை வெட்டி, ஒரு குவளைத் தண்ணீரில் அமிழ்த்தி, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகள் வெளியேறும்படி விரலால் அழுத்திவிட்டுப் பாருங்கள். நைலான் தண்ணீரைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கும். மற்ற இரண்டும் தண்ணீரைவிட இலேசானவை என்பதால் மேலே வந்துவிடும். நான் வாங்கியது மிதந்தது. இதனால் வலை கெட்டுப்போகும் என்று பொருளில்லை. நைலான் நனைந்தால் ஈரத்தை உறிஞ்சிச் சற்றுத் தொய்யும்; பாலிஎத்திலீன் அவ்வாறு உறிஞ்சுவதில்லை. ஆனால் வெயிலைப் பொறுத்தவரை எதுவாயினும், புற ஊதாக் கதிரைத் தாங்குவதற்கான மருந்து கலக்கப்படாவிட்டால், இழை வெளிறி, நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். வலையை இரு விரல்களுக்கிடையே தேய்க்கும்போது பச்சைப் பொடி விரலில் ஒட்டினால் அதன் காலம் முடிந்ததென்று கொள்ளலாம். அந்த வலையில் அடுத்த பட்டத்துக்குச் சுரையை ஏற்ற வேண்டாம்.

வலைக்கண்ணின் அளவை யாரும் பெரிதாகக் கருதுவதில்லை. ஆனால் பயன்பாட்டில் இதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. 4 அங்குலக் கண், 6 அங்குலக் கண் என்று இரண்டு வகை எளிதில் கிடைக்கின்றன. அதற்கும் சிறிய கண்ணுடைய வலையும் உண்டு. சிறிய கண்ணில் பாகற்பிஞ்சு நுழைந்துவிட்டுப் பருத்ததும் இடுப்பில் இழை இறுக்கப்பட்டு, இரு பக்கமும் உப்பி, நடுவில் ஒடுங்கிக் கிடக்கும். அதைப் பறிப்பதற்குக் காயை வெட்ட வேண்டும் அல்லது வலையை வெட்ட வேண்டும். கை தாராளமாக உள்ளே போய், ஒரு முற்றிய வெள்ளரிக்காயைப் பிடித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். அந்த அளவுக்குக் குறைவான கண் எனக்கு ஏற்புடையதாக இல்லை. அதனால் 6 அங்குலத்தையே பரிந்துரைப்பேன். சிறிய கண்ணில் ஓணானும் சிட்டும் மாட்டிக்கொள்ளும் என்பது இன்னொரு காரணம். தரையில் தோட்டம் வைத்திருப்பவர்கள், வலையின் கீழ் விளிம்பைத் தரையில் புரளவிடாமல் ஒரு முழம் உயர்த்தியே கட்ட வேண்டும். தரையில் தொய்ந்து கிடக்கும் வலையில் சாரைப்பாம்பு சிக்கிக்கொண்டால், அதை விடுவிப்பது பாம்புக்கும் மனிதருக்கும் ஒருசேரத் துன்பம்.

இனி, எந்தக் கொடிக்கு இந்த வலை தேவை, எதற்குத் தேவையில்லை என்பதைப் பார்க்கலாம். பாகல், பீர்க்கு, புடலை, சுரை, வெள்ளரி, கோவை ஆகியவை பற்றுக்கம்பியால் ஏறுபவை. அவரையும் கொடி பீன்ஸும் அப்படியல்ல. அவற்றுக்குப் பற்றுக்கம்பியே கிடையாது, தண்டே கொழுகொம்பைச் சுற்றிக்கொண்டு மேலேறும். பாகலின் பற்றுக்கம்பி கிளைக்காத ஒற்றை நூல். சுரையிலும் பீர்க்கிலும் அது கிளைத்து வரும். அதன் நுனி ஓர் இழையில் பட்டதும் கொக்கியாக வளைந்து சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. பிடித்த பிறகு, நுனிக்கும் தண்டுக்கும் இடைப்பட்ட பகுதி சுருளத் தொடங்குகிறது. இரு முனையும் கட்டுண்டு கிடப்பதால் முழுவதும் ஒரே திசையில் சுருள முடியாமல், பாதி வலமாகவும் பாதி இடமாகவும் சுருண்டு, நடுவில் திசை மாறும் ஒரு சிறு திருப்பம் விழுகிறது. பந்தலடியில் நின்று கூர்ந்து பார்த்தால் ஏறத்தாழ ஒவ்வொரு பற்றுக்கம்பியிலும் இந்தத் திருப்பத்தைக் காணலாம். காற்றடிக்கும்போது அந்தச் சுருள் நீண்டு கொடுத்து, காற்று நின்றதும் மீண்டும் ஒடுங்குகிறது. அதனால்தான் கொடி அறுபடாமல் தப்புகிறது. இத்தகைய பிடிப்புக்கு மெல்லிய இழையே ஏற்றது. பருத்த மூங்கிலையோ குழாயையோ பற்றுக்கம்பியால் வளைத்துப் பிடிக்க முடியாது. இந்த வேலையில் கடை வலைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்: எந்தப் பக்கம் நீண்டாலும் ஒரு சாண் தொலைவுக்குள் பிடிக்க ஓர் இழை காத்திருக்கிறது. அவரைக்கோ செங்குத்தாக விட்ட நாலு கயிறு போதும். வலையின் குறுக்கு இழைகள் அதற்குப் பயன்படுவதில்லை.

வலையைச் சுவர்போல நிறுத்துவதா, கூரைபோலப் படுக்க விரிப்பதா என்பது அடுத்த கேள்வி. உறையிலுள்ள படங்களில் எல்லாம் வலை நின்றுகொண்டேயிருக்கிறது. வெள்ளரிக்கும் பாகலுக்கும் அது பொருந்தும். புடலைக்கு ஒருபோதும் பொருந்தாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 புடலையின் காய் ஒன்றரை மீட்டரைத் தாண்டி நீளும். அது நேராக வளர வேண்டுமென்றால் எதிலும் தட்டாமல் வெறும் வெளியில் தொங்க வேண்டும். நிற்கும் வலையில் விட்டால் ஒரு கண்ணில் நுழைந்து மறு கண்ணில் வெளிவந்து வலையோடு பின்னிக்கொள்ளும். நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடும் பழைய வழக்கமும் படுத்த பந்தலில்தான் செல்லும். நிற்கும் வலைதான் உங்களுக்கு வாய்த்தது என்றால், ஏறத்தாழ ஓரடி நீளமே வளரும் கோ 2 போன்ற குட்டைப் புடலையைத் தேர்ந்துகொள்வது அறிவுடைமை. சுரையும் பீர்க்கும் படுத்த பந்தலில்தான் கோணலின்றி வளர்கின்றன.

படுத்த பந்தல் எப்படி நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் ஒட்டன்சத்திரத்துப் பக்கம் உள்ள காய்கறிப் பந்தல்களையோ கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்களையோ ஒருமுறை அருகில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். கல்தூண் நட்டு, ஆள் நிமிர்ந்து நடக்கும்படி ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்தில் கம்பி இழுத்திருப்பார்கள். ஓரத்துத் தூண்களுக்கும் மூலைத் தூண்களுக்கும் வெளிப்பக்கமாக இழுகம்பி ஒன்று இறங்கி, மண்ணில் புதைத்த கல்லில் முடிந்திருக்கும். ஓரங்களில் தடித்த கம்பி, உள்ளே மெல்லிய கம்பி என்று இரண்டு தரம் இருக்கும். காயின் பாரம் மெல்லிய கம்பிக்கும், அதிலிருந்து தடித்த கம்பிக்கும், அங்கிருந்து மூலைத் தூணுக்கும், கடைசியில் இழுகம்பி வழியாக மண்ணுக்கும் போய்ச் சேருகிறது. கடையில் விற்கும் வலை இந்தத் தொடரில் ஒரு கண்ணியாகக்கூட இல்லை. அது கொடி பற்றுவதற்கான கைப்பிடி, அவ்வளவுதான். உறையில் உள்ள ‘20 கிலோ தாங்கும்’ என்பது போன்ற வாசகங்களைப் படிக்கும்போது, அந்த எடையை உண்மையில் தாங்கப்போவது வலையா, அதைக் கட்டிய ஆணியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்பியை எவ்வளவு இறுக்கலாம் என்பதில் பலரும் தடுமாறுகிறார்கள். தொய்வே தெரியாமல் வீணைத் தந்தியைப்போல இழுத்துக் கட்டினால் பந்தல் உறுதியாகும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கணக்கு வேறுவிதமாகச் சொல்கிறது. 10 அடி இடைவெளியில் இரு கால்களுக்கிடையே கட்டிய கம்பியின் நடுவில் 10 கிலோ பாரம் தொங்குவதாகக் கொள்வோம். பாரம் தொங்கும்போது கம்பி 6 அங்குலம் தாழ்ந்து நின்றால், அது ஒவ்வொரு காலையும் ஏறத்தாழ 50 கிலோ விசையோடு உள்நோக்கி இழுக்கும். அதே கம்பி 2 அங்குலம் மட்டுமே தாழும்படி இறுக்கப்பட்டிருந்தால், அதே 10 கிலோவுக்கு இழுவை 150 கிலோவாக உயர்ந்துவிடும். மாடியில் சிமெண்ட் வாளியில் நிற்கும் கால் இந்த இழுவைக்குச் சாயாமல் என்ன செய்யும்? காய்த்த சுரைப்பந்தல்கள் ஒருநாள் இரவில் உள்நோக்கிக் கவிழ்ந்துவிடுவதற்குக் கம்பியின் மெலிவு அரிதாகவே காரணம். அளவுக்கு மீறிய இறுக்கமும் இழுகம்பி இல்லாத மூலைக்கால்களுமே பெரும்பாலும் காரணம். ஆகவே கையால் அழுத்தினால் நாலைந்து அங்குலம் தாழும் அளவுக்குத் தளர்வு விட்டே கட்டுங்கள். கால்களின் தலைகளைக் கம்பியால் மட்டும் இணைக்காமல், சுற்றிலும் நாலு குறுக்குக் கம்புகளால் சட்டமாகப் பிணைத்துவிட்டால் உள்நோக்கிய இழுவையை அந்தக் குறுக்குக் கம்புகளே வாங்கிக்கொள்ளும். மாடியில் இழுகம்பிக்கு இடமில்லாதவர்களுக்கு இதுவே சரியான வழி.

காலுக்கு எதைப் பயன்படுத்தலாம் என்பதில் என் வாக்கு சவுக்குக்கு. கட்டட வேலையில் சாரம் கட்டுகிற அதே கம்பு. மரக்கடைகளில் 8 அடி, 10 அடி நீளத்தில் எளிதாகக் கிடைக்கும். பட்டையை உரித்துவிட்டுப் பயன்படுத்த வேண்டும். பட்டைக்கடியில்தான் ஈரமும் பூச்சியும் குடியேறுகின்றன. மூங்கில் இலேசானது, வளைந்து கொடுப்பது, ஆனால் மண்ணில் ஊன்றினால் மண்மட்டத்தில் விரைவில் இற்றுவிடும். காய்ந்து வெடித்த கணுவிடைகளில் கட்டுக்கம்பி நழுவும். பிவிசி குழாயை எல்போ, டீ இணைப்புகளோடு பொருத்தி அழகாகச் சட்டம் அமைத்துக் காட்டும் காணொளிகள் ஏராளம். சித்திரை வெயிலில், மேலே பாரத்தோடு, அந்தக் குழாய் எப்படி வளையும் என்பதை அந்தக் காணொளிகள் காட்டுவதில்லை. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் எல்லாவற்றையும்விட நீண்டகாலம் உழைக்கும், விலையும் அதற்கேற்ப.

மாடியில் காலை நிறுத்துவதற்குத் தளத்தைத் துளையிடவே கூடாது. தட்டோடு பதித்த தளமானாலும் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பூசிய தளமானாலும், ஒரு துளை போதும், அடுத்த ஐப்பசியில் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் படரும். பெயிண்ட் வந்த 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளி பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். அதன் நடுவில் கம்பை நிறுத்திக் கான்கிரீட் நிரப்பினால், ஒரு லிட்டர் கான்கிரீட் ஏறத்தாழ 2.4 கிலோ என்ற கணக்கில், வாளி ஒன்று 48 கிலோ வரும். நாலு கால் கொண்ட சிறு பந்தலுக்கு இந்த எடை போதுமானது. வாளிகளைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ உத்தரமோ ஓடும் இடத்தின்மேல் வைப்பது நல்லது. கம்பை நேரடியாகக் கான்கிரீட்டில் புதைப்பதைவிட, கம்பு நுழையும் அளவுக்கு ஒரு துண்டுக் குழாயைப் புதைத்துவிட்டு, அதற்குள் கம்பைச் செருகுவது மேல். கம்பு இற்றுப்போனால் வாளியை உடைக்காமல் மாற்றிக்கொள்ளலாம். குழாயின் வாயில் மழைநீர் தேங்காதபடி கம்பைச் சுற்றித் தார் பூசிவிடுங்கள். கைப்பிடிச்சுவர் உறுதியாக இருந்தால், ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டையும் வாளி இல்லாமல் சுவரின் உட்புறத்தில் இரும்புப் பட்டையால் பிடித்துவிடலாம்.

சட்டம் நின்றபின் வேலை பாதி நாளில் முடியும். சுற்றுக் கம்பிக்கு 10 கேஜ், அதாவது சுமார் 3.2 மில்லிமீட்டர், உள்ளே இரண்டடிக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் செல்லும் கம்பிகளுக்கு 14 கேஜ், சுமார் 2 மில்லிமீட்டர். இரண்டுமே துத்தநாகம் பூசியதாக இருக்க வேண்டும். இரும்புக்கடையில் கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; 14 தடித்தது, 10 மெலிந்தது என்று தலைகீழாக எண்ணி வாங்கி வருகிறவர்கள் உண்டு. இந்தக் கம்பிக் கட்டங்களின்மேல்தான் வலையை விரிக்க வேண்டும். கட்டுவதற்குக் கேபிள் டை பயன்படுத்துவதானால் கறுப்பு நிறத்தையே வாங்குங்கள். அதில் கலந்த கரித்தூள் வெயிலிலிருந்து காக்கிறது. வெள்ளை டைகள் வெயிலில் விரைவில் உடைந்து, ஒவ்வொன்றாகத் தரையில் விழத் தொடங்கும். கொடியை முதலில் மேலேற்ற, செடி வளரும் பையிலிருந்து பந்தல்வரை ஒரு தேங்காய்நார்க் கயிறு போதும். பந்தலை எட்டும்வரை பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டு ஒற்றைத் தண்டாக ஏற்றி, மேலே போனதும் நுனியைக் கிள்ளிப் படரவிட வேண்டும். சுரையில் பெண்பூக்கள் பெரும்பாலும் பக்கக் கிளைகளில்தான் வருகின்றன என்பதால் இந்தக் கிள்ளுதலைத் தவிர்க்கக் கூடாது.

காற்றைப் பற்றி உறையில் ஒரு வரியும் இல்லை. ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன அதே ஊர்தான், ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்றும் சொன்னது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நேரே வந்து மோதும் எங்கள் பகுதியில், இலை அடர்ந்த நிற்கும் வலை ஒரு பாய்மரம்தான். கட்டிய சட்டத்தையே சாய்த்துவிடும் வலு அதற்கு உண்டு. காற்று மேற்கிலிருந்து வருவதால், வலையைக் கிழக்கு மேற்காக நிறுத்தினால் காற்று அதன் விளிம்பில் பட்டு வழிந்துவிடும். ஆனால் வெயில் வேறொன்றைக் கேட்கிறது. கொடி வலையை எப்போதும் தோட்டத்தின் வடக்கு ஓரத்தில் நிறுத்தினால் மற்றச் செடிகளுக்கு நிழல் விழாது என்று வெளிநாட்டுத் தோட்டக் குறிப்புகள் சொல்லும். அது நம் ஊருக்குப் பாதிதான் பொருந்தும். 11 பாகை வட அகலாங்கில் இருக்கும் கோயம்புத்தூரில், ஏப்ரல் மூன்றாம் வாரம் தொடங்கி ஆகஸ்ட் மூன்றாம் வாரம்வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே செல்கிறது. தைப்பட்டத்தில் தெற்கே சாய்ந்திருக்கிறது. இரண்டு பட்டத்துக்கும் சேர்த்துப் பார்த்தால், வடக்கு தெற்காக ஓடும் வலைக்குத்தான் காலையில் ஒரு முகத்திலும் மாலையில் மறு முகத்திலும் வெயில் சமமாக விழும். அப்படி நிறுத்தினால் மேல்காற்று முழுவதும் அதன் மார்பிலேயே அடிக்கும். வெயிலுக்கும் காற்றுக்கும் இடையிலான இந்தப் பிணக்கை நிற்கும் வலையால் தீர்க்க முடியவில்லை. கணவாய்க் காற்று வீசும் கோயம்புத்தூர், பொள்ளாச்சி, தென்காசி பகுதி மாடிகளில் படுத்த பந்தலே மேல் என்று நான் சொல்வதற்கு இதுவே முதன்மைக் காரணம். அதன் நிழலில் இஞ்சியும் மஞ்சளும் வைத்துக்கொள்ளலாம் என்பது கூடுதல் ஆதாயம்.

வலையின் மிகப் பெரிய குறை பட்டம் முடிந்த பிறகே தெரியும். காய்ந்த கொடியின் பற்றுக்கம்பிகள் மரத்துப்போய், ஒவ்வொரு கண்ணிலும் முள்கம்பிபோல இறுகியிருக்கும். இழுத்தால் வலை கிழியும். ஒவ்வொன்றாக வெட்டியெடுத்தால் ஒரு நாள் முழுவதும் அதற்கே போகும். கொடி பச்சையாக இருக்கும்போதே அடியில் வெட்டிவிட்டு, நன்றாகச் சருகாகும்வரை வெயிலில் விட்டு, பிறகு வலையை இருவர் பிடித்து உதறினால் பெரும்பகுதி உதிரும். மீதியைக் கத்தரிக்கோலால் எடுக்கலாம். இந்த இடத்தில் சணல் கயிறு வலையை வென்றுவிடுகிறது. சட்டத்தில் சணலைக் குறுக்கும் நெடுக்கும் கட்டியவர், பட்டம் முடிந்ததும் கயிற்றையும் கொடியையும் சேர்த்து அறுத்து அப்படியே மட்கு உரக் குழியில் போட்டுவிடலாம். ஆனால் சணல் மழையில் இற்றுப்போகும். நாட்டுக் கொடியவரை போன்ற நீண்டகாலப் பயிருக்கு அது தாங்குமா என்பதை யோசிக்க வேண்டும். ஆடியில் விதைத்தாலும் பகல் குறுகும் காலம் வரும்வரை அந்த அவரை பூப்பதில்லை. மார்கழி, தை மாதங்களில்தான் முழு வீச்சில் காய்க்கும். அதற்குள் வடகிழக்குப் பருவமழை முழுவதையும் கயிறு கடந்தாக வேண்டும். ஆகவே அவரைக்குத் தேங்காய்நார்க் கயிறு, பாகலுக்கும் வெள்ளரிக்கும் சணல் என்று பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு உகந்தது.

ஆயத்தமாகவே விற்கப்படும் இரும்புக் கொடிச்சட்டங்கள், வளைவுத் தோரணங்கள் ஆகியவற்றையும் கடைகளில் பார்த்தேன். மெல்லிய குழாயில் பிளாஸ்டிக் உறை போர்த்திய அவை, சங்குப்பூவுக்கும் மல்லிகைக்கும் அழகாக இருக்கும். காய்த்த சுரையை அவற்றின்மேல் ஏற்ற நான் துணிய மாட்டேன். அந்தத் தொகைக்கு ஒரு சவுக்குப் பந்தலைக் கட்டிவிட்டு மிச்சமும் பிடிக்கலாம்.

இனி வாங்குகிறவர்களுக்கு. பாகல், பீர்க்கு, வெள்ளரி வைக்கப்போகிறவர்கள் 6 அங்குலக் கண், சதுரப் பின்னல் என்று கேட்டு வாங்கலாம். நிற்கும் வலையாகவோ பந்தல்மேல் விரிப்பாகவோ இரண்டுக்கும் உதவும்; பீர்க்குக்கு மட்டும் பந்தல்மேல் விரிப்பதே நல்லது. கடைக்காரர் அனுமதித்தால் ஒரு முடிச்சை இரு பக்கமும் இழுத்துப் பார்த்து, நழுவாததை எடுங்கள். சுரையும் நீளப் புடலையும் வைக்கப்போகிறவர்கள் முதலில் சட்டத்தையும் கம்பியையும் முடித்துவிட்டு, கடைசியாகவே வலைக்குப் போகலாம். கம்பிகளை ஓரடிக்கு ஒன்றாக நெருக்கிக் கட்டினால் வலை இல்லாமலேயே கொடி படர்ந்துவிடும். சாம்பல் பூசணியை எந்தப் பந்தலிலும் ஏற்ற வேண்டாம், ஏற்றியே தீருவேன் என்பவர் காய்க்கு ஒரு துணித்தொட்டில் கட்டி அதைக் கம்பியில் மாட்டட்டும், வலையில் அல்ல. அவரை மட்டும் வைப்பவருக்கு இந்த வலை தேவையே இல்லை. கோவைக்காய் வைப்பவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்: தண்டு நட்டு வளர்க்கும் அந்தக் கொடி ஆண்டுக்கணக்கில் பந்தலில் இருக்கும், கவாத்து செய்யச் செய்யத் துளிர்க்கும். வெயிலில் நொறுங்கும் வலை அதற்குமுன் போய்விடும் என்பதால், அதற்கு முழுவதும் கம்பிப் பந்தலே கட்டுங்கள்.